போதை நோயாளியின் கல்லீரல்: சேலம், நாமக்கல் சமவெளியின் முன்னுள்ள கடமை

ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் தொற்று, பன்னிரண்டு வாரம் நாள்தோறும் மாத்திரை விழுங்கினால் பெரும்பாலானோரின் உடலைவிட்டு முற்றிலும் நீங்கிவிடும் நோயாக இன்று மாறியிருக்கிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் அந்த மாத்திரையையும் அதற்கு முன்னர் செய்ய வேண்டிய பரிசோதனைகளையும் அரசு மருத்துவமனைகள் வழியாக இலவசமாக வழங்குகிறது. ஆயினும் எவரிடையே இந்த நோய் மிகுதியாகப் பரவியிருக்கிறதோ அவர்களுக்கே, அதாவது ஓபியாய்டு வகைப் போதைக்கு அடிமைப்பட்டு அதை ஊசி வழியே ஏற்றிக்கொள்பவர்களுக்கே, அந்த மாத்திரை மிகக் குறைவாகப் போய்ச் சேருகிறது. மருந்தில் குறை ஏதும் இல்லை. அதைக் கொடுக்கும் முறையில்தான் குறை இருக்கிறது. போதைக்கான சிகிச்சையையும் கல்லீரலுக்கான சிகிச்சையையும் ஒரே இடத்தில், 'முதலில் போதையை விட்டுவிட்டு வா' என்ற நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் இந்தக் குறை நீங்கும் என்பதற்கு உலகெங்கும் போதிய சான்றுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று சென்னையிலேயே கிடைத்தது. அப்படிப்பட்ட ஏற்பாட்டை உருவாக்குவதற்குத் தேவையான அனுபவமும் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்குப் புதிதன்று.

மஞ்சள் பூக்காத காமாலை

ஹெபடைடிஸ் என்பது கல்லீரல் அழற்சி. அதை உண்டாக்கும் வைரஸ்களுக்கு ஏ, பி, சி, டி, இ என்று பெயரிட்டுள்ளனர். ஏ, இ ஆகியவை அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவிச் சில வாரங்களில் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடுபவை. சி வைரஸ் இரத்தத்தின் வழியாகப் பரவி, ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிவிடுவது. 1989-இல்தான் அது அடையாளம் காணப்பட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொற்று ஏற்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ முப்பது பேரின் உடல் ஆறு மாதத்துக்குள் வைரஸைத் தானே வெளியேற்றிவிடுகிறது. எஞ்சியவர்களுக்கு அது நாள்பட்ட நோயாகிறது. அவ்வாறு நாள்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் உண்டாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் இந்தத் தொற்றுடன் வாழ்ந்து வந்தனர்.

கொங்குப் பகுதியானாலும் வேறெந்தப் பகுதியானாலும், கண் மஞ்சளாகிச் சிறுநீர் அடர்ந்து போனால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பது தமிழகத்தின் நெடுநாள் வழக்கம். அந்த மூலிகையைக் குறித்துச் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பாரூக் பிளம்பெர்க்கும் வேறு சிலரும் இணைந்து 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அந்த ஆய்வு பி வைரஸைப் பற்றியது. பின்னர் நடந்த ஆய்வுகள் அதன் முடிவை உறுதிப்படுத்தவும் இல்லை. சி வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை; சோர்வு, பசியின்மை, மேல்வயிற்றில் ஒரு கனம் என்று எதற்கும் பொருந்தக்கூடிய அறிகுறிகள் தோன்றலாம், ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே காமாலை தெரியட்டும் என்று காத்திருப்பவர், பெரும்பாலும் கல்லீரல் கெட்டுப்போன பிறகே மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்.

விழுங்கும் மாத்திரை ஊசிக்குள் போகும்போது

அபினிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் மார்ஃபின், அதிலிருந்து செய்யப்படும் ஹெராயின், மூளையில் அதே இடத்தைத் தொட்டு அதேபோல் வேலை செய்யுமாறு ஆய்வகத்தில் உருவாக்கப்படும் டிரமடால், டாபென்டடால் முதலிய வலி நிவாரணிகள் ஆகிய அனைத்துக்கும் ஓபியாய்டுகள் என்பது பொதுப்பெயர். தொடர்ந்து பயன்படுத்தும்போது உடல் இவற்றுக்குப் பழகிப்போகிறது. திடீரென நிறுத்தினால் கை கால் குடைச்சல், மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, தாங்கமுடியாத பதற்றம் ஆகியவை சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. அந்த வேதனையைத் தவிர்ப்பதற்காகவே மீண்டும் மீண்டும் மருந்தைத் தேடும் நிலையை மருத்துவம் ஒரு நோயாகவே கருதுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் போதைப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோயின் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, இந்தியாவில் ஏறத்தாழ 8.5 இலட்சம் பேர் ஊசி வழியாகப் போதை மருந்தை ஏற்றிக்கொள்வதாக மதிப்பிட்டது. சென்னையில் இந்தப் பழக்கம் ஹெராயினோடும் புப்ரினார்ஃபின் ஊசிகளோடும் பிணைந்து வளர்ந்தது. மேற்கு மாவட்டங்களில் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி செய்தியாவது போதை மாத்திரை: மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத வலி நிவாரணி மாத்திரைகளைக் கள்ளத்தனமாக வாங்கி, கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களும், அவற்றை விற்றுப் பிடிபடுபவர்களும் சேலம், ஈரோடு, நாமக்கல் செய்திப் பக்கங்களில் தொடர்ந்து இடம்பெறுகின்றனர். 2018 ஏப்ரலில் டிரமடால், போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட பின்னர், அதன் இடத்தைப் பல ஊர்களில் டாபென்டடால் பிடித்துக்கொண்டது.

விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தோடு மாவும் டால்க் தூளும் சேர்ந்திருக்கும். நரம்புக்குள் போகும் அந்தத் துகள்கள் இரத்தக்குழாயை அடைத்துச் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன, நுரையீரலிலும் படிகின்றன. இதனினும் மறைவான தீங்கு வைரஸால் நேர்வது. ஊசியைப் பகிர்ந்தால் நோய் வரும் என்பதை இளைஞர் பலர் அறிந்துவைத்திருக்கின்றனர். எனவே ஆளுக்கொரு ஊசி வாங்கிக்கொள்கின்றனர். ஆனால் மாத்திரையைக் கரைக்கும் மூடியும், கரைக்கும் தண்ணீரும், வடிகட்டும் பஞ்சும் கூட்டத்துக்குப் பொதுவாகவே இருந்துவிடுகின்றன. ஒரு முறை பயன்படுத்திய ஊசி அந்தத் தண்ணீரைத் தொட்டாலே, கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் அதில் கலந்துவிடுகிறது, எச்.ஐ.வி. கிருமியைவிட மிக எளிதாகத் தொற்றும் சி வைரஸுக்கு அந்த அளவே போதுமானது. பயன்படுத்திய ஊசிக்குழலுக்குள் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஊசி தனியாக இருந்தும் நோய் பொதுவாகிப்போவது இவ்வாறுதான்.

சென்னை தந்த சான்று

சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் ஆய்வு மையம், ஊசி வழிப் போதைப் பழக்கமுள்ளவர்களிடையே இந்தியாவிலேயே மிக விரிவான ஆய்வுகளைச் செய்த நிறுவனங்களுள் ஒன்று. 2000-களின் நடுப்பகுதியில் அது சென்னையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சி வைரஸின் தொற்றுக்கு ஆளாகியிருந்ததும், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்ததும் தெரியவந்தன. பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இந்தியாவின் பதினைந்து நகரங்களில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலைக்குரிய உண்மையைச் சொன்னது: நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேருக்குத் தொற்றின் அடையாளம் இருந்தது, அவர்களில் அதை ஏற்கெனவே அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை.

அக்காலத்தில் மருத்துவர்களிடையே நிலவிய பொதுவான எண்ணம், போதைப் பழக்கத்தில் இருப்பவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடமாட்டார், குணமானாலும் மறுபடி தொற்றிக்கொள்வார், ஆகவே பழக்கத்தை விட்ட பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்பதாக இருந்தது. இந்த எண்ணத்தைச் சோதிக்கும் வகையில், ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வாளர்கள் சென்னையில் ஐம்பது பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களை மருத்துவமனைக்கு வரச்சொல்லாமல், களப்பணியாளர்கள் அவர்கள் இருக்குமிடத்துக்கே சென்று மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் செய்யும் முறையில் சிகிச்சை அளித்தனர். நாள் தவறாமல் எல்லா மாத்திரைகளையும் விழுங்கச் செய்வது கடினமாகவே இருந்தது. ஆயினும் ஒரு மருந்துச் சேர்க்கையைப் பெற்ற பிரிவில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் குணமடைந்தனர். இன்று வழங்கப்படும் மருந்துகள் அப்போது பயன்பட்டவற்றைவிட எளியவை, பக்கவிளைவு குறைந்தவை. அண்மைக் காலம்வரை ஊசி பயன்படுத்தி வந்த 103 பேரிடம் பல நாடுகளில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான சிம்ப்ளிஃபை என்னும் ஆய்வில், சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் ஆகிய இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையால் நூற்றுக்கு 94 பேர் குணமாயினர்.

சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்டது. 2014-இல் இந்திய நிறுவனங்கள் பலவற்றுக்கு அதைத் தயாரிக்கும் உரிமம் கிடைத்த பின்னர் இங்கு விலை பன்மடங்கு சரிந்தது. பஞ்சாப் அரசு 2016-இல் மாவட்ட மருத்துவமனைகள் வழியாக அந்த மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கி, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாக்கிக் காட்டியது. பெருநகரத்து வல்லுநர்களின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமலேயே மாவட்ட அளவில் இது நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

படிக்குப் படி நழுவுகிறவர்கள்

இத்தனை சான்றுகள் இருந்தும் நோயாளிகள் ஏன் நழுவிப்போகின்றனர் என்பதை, பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறி ஓட்டும் ஓர் இளைஞர் கடக்க வேண்டிய படிகளை எண்ணிப் பார்த்தால் விளங்கும். முதலில் யாரேனும் அவருக்குப் பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் இருபது நிமிடத்தில் முடியும் எதிர்ப்பொருள் சோதனை, வைரஸ் எப்போதேனும் உடலுக்குள் வந்திருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். அது இப்போதும் இருக்கிறதா என்பதை அறிய இரத்தத்தில் வைரஸின் அளவைக் கணக்கிடும் இரண்டாவது சோதனை தேவை. அதற்கு மற்றொரு நாள். முடிவைப் பெற இன்னொரு நாள். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அறியும் இரத்தப் பரிசோதனைகளுக்கு வேறொரு நாள். ஹெபடைடிஸ் பி உடனிருந்தால் சி-க்கான மருந்து அதைக் கிளறிவிடக்கூடும் என்பதால் அதையும் பார்த்தாக வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவராக இருந்தால் சி-க்கான மருந்து வேலை செய்யாது என்பதால் அதையும் கேட்டறிய வேண்டும். இவை அனைத்தும் முடிந்த பிறகே இருபத்தெட்டு மாத்திரை கொண்ட முதல் புட்டி கைக்கு வரும்.

தறி நின்றால் கூலி நின்றுவிடும் தொழிலில், முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பவர் வாரத்தில் இரண்டு நாள் வெளியே போவது எளிதன்று. பெரிய மருத்துவமனைகளில் போதைக்கான மனநலப் பிரிவு ஒரு கட்டடத்திலும், கல்லீரல் பிரிவு வேறொரு கட்டடத்திலும் வெவ்வேறு நாள்களில் இயங்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்படும் சீட்டு வழியிலேயே தொலைந்துபோகிறது. கையில் ஊசித் தழும்புள்ளவரை வரிசையிலேயே அடையாளம் கண்டு முகம் சுளிப்பவர்களும், காவல்துறைக்குத் தகவல் போய்விடுமோ என்னும் அச்சமும் சேர்ந்துகொள்ளும்போது, ஏதேனும் ஒரு படியில் அந்த இளைஞர் நின்றுவிடுவது இயல்பே. சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடக் கனிவானது: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்க வழிசெய்கிறது. அதை அறிந்த குடும்பங்கள் மிகச் சிலவே.

நாமக்கல் ஒரு முறை செய்து காட்டியது

லாரித் தொழிலின் தலைநகரான நாமக்கல், 2000-களின் தொடக்கத்தில் கருவுற்ற பெண்களிடையே எச்.ஐ.வி. மிகுந்திருந்த மாவட்டங்களுள் ஒன்றாக நாடறிந்த இடம். டேங்கர் லாரி, லைன் லாரி, திருச்செங்கோட்டின் ரிக் லாரி என்று மாதக்கணக்கில் வடக்கே போய்வரும் ஓட்டுநர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் பழிச்சொல் சூழ்ந்த காலம் அது. அந்த நிலையை மாற்றியவை அதட்டலும் அச்சுறுத்தலும் அல்ல. நம்பிக்கை மையம் என்னும் பெயரில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் திறக்கப்பட்ட ஆலோசனை, பரிசோதனை மையங்கள். லாரிப் பட்டறைகளுக்கும் நிறுத்தங்களுக்கும் நேரில் போன களப்பணியாளர்கள். பெயரை வெளியிடாமல் காத்த ஆலோசகர்கள். அரசு மருத்துவமனையிலேயே மாதந்தோறும் இலவசமாகக் கிடைத்த கூட்டு மருந்து. தொற்றுள்ளவர்களே ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள அமைத்த சங்கங்கள். இவையே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. நோயாளியின் நடத்தையை விசாரித்துத் தகுதி பார்த்த பிறகு கூட்டு மருந்தைக் கொடுத்திருந்தால், அந்த வெற்றி கிடைத்திருக்காது.

ஹெபடைடிஸ் சி-க்கு வேண்டிய கருவிகளில் பெரும்பகுதி அந்தக் காலத்து உழைப்பிலிருந்தே இந்தச் சமவெளிக்குக் கிடைத்திருக்கிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. காசநோயைக் கண்டறியப் பயன்படும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளிலேயே, அதற்குரிய தனிப் பொதியைப் பொருத்தி, சி வைரஸின் அளவையும் சோதிக்க முடியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கி, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் வழியைத் திறந்தது. போதை மீட்பு, மறுவாழ்வுக்கென 2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்னும் மையங்களைத் தொடங்கியது. இவை தனித்தனியே இயங்குவதுதான் சிக்கல். இவற்றை ஒரே நோயாளியைச் சுற்றி இணைப்பதுதான் எஞ்சியுள்ள வேலை.

இணைப்பது எப்படி

இணைப்புக்கு நடுவில் நிற்க வேண்டியது மாற்று மருந்துச் சிகிச்சை. நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையோ, வாயால் குடிக்கும் மெதடோனோ கொடுத்து, உடலின் வேதனையைத் தணித்து, ஊசியின் தேவையைக் குறைக்கும் இந்த முறையைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் நாட்டின் பல இடங்களில் நடத்திவருகிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் உண்டு. அளவு அறிந்து, மருத்துவர் மேற்பார்வையில், கிளர்ச்சி தராத வகையில் கொடுக்கப்படும் மருந்து, ஒருவரை வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்ப அனுப்புகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அது சி வைரஸ் தொற்றும் வாய்ப்பைப் பாதியாகக் குறைப்பதும், புதிய ஊசிகள் தாராளமாகக் கிடைக்கும் ஏற்பாடும் உடனிருந்தால் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைப்பதும் தெரியவந்துள்ளன. இத்தகைய தீங்குக் குறைப்புப் பணிகளை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமே பாதுகாக்கிறது. நச்சை மட்டும் வெளியேற்றி, மாற்று மருந்து ஏதுமின்றி வீட்டுக்கு அனுப்பும் மையங்களிலிருந்து திரும்புபவர், தாங்கும் சக்தி குறைந்த நிலையில் பழைய அளவையே ஏற்றிக்கொண்டு மூச்சடங்கி இறக்கும் ஆபத்து மிகப் பெரிது என்பதையும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மாற்று மருந்து பெற நாள்தோறும் வருபவரிடம், அந்த இடத்திலேயே முதல் நாளில் சி, பி, எச்.ஐ.வி. மூன்றுக்குமான சோதனையைச் செய்து, பி இல்லாதவருக்குத் தடுப்பூசி போட்டு, சி உள்ளவருக்குப் புப்ரினார்ஃபினோடு அன்றன்றைய சி மாத்திரையையும் கையில் கொடுத்தால், மேலே சொன்ன படிகளில் பெரும்பாலானவை இல்லாமலே போய்விடும். இவ்விரு மருந்துகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் மெதடோன் வழங்கும் மருந்துக்கடைகளிலேயே மருந்தாளுநர்கள் சி மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது, வழக்கமான மருத்துவமனை வழியைவிட அதிகம் பேர் குணமடைந்தனர். உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்தச் சிகிச்சையை வல்லுநர் அல்லாத மருத்துவர்களும் செவிலியர்களும், போதைச் சிகிச்சை நடக்கும் இடத்திலேயே வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. சிரோசிஸ் முற்றியவர்களை மட்டும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் போதுமானது.

தறித் தொழிலாளிக்கு ஷிப்ட் முடியும் நேரத்தில் மையம் திறந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் லைனுக்குப் போகும் ஓட்டுநருக்கு மூன்று புட்டிகளையும் ஒருசேரக் கொடுத்துத் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை முடிந்த பன்னிரண்டு வாரத்துக்குப் பின் மீண்டும் சோதித்து வைரஸ் இல்லை என்று உறுதிசெய்யும்போதே, இந்த நோய் ஒரு முறை குணமானாலும் திரும்ப வரக்கூடியது என்பதையும், வந்தால் மறுபடியும் மருந்து உண்டு என்பதையும் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். மறு தொற்றுக்கு ஆளானவரைத் திட்டி அனுப்பும் மருத்துவமனைக்கு அவர் மீண்டும் வரமாட்டார்.

2030-க்குள் ஹெபடைடிஸ் சி-யை ஒழிப்பதாக இந்தியா ஏற்றுக்கொண்ட இலக்கை, ஊசி பயன்படுத்துவோரை ஒதுக்கிவைத்துவிட்டு எட்ட முடியாது. ஏனெனில் தொற்று ஒருவரிலிருந்து மற்றவருக்கு மிக விரைவாகப் பரவுவது அவர்களிடையேதான். அவர்களுள் ஒருவரைக் குணப்படுத்துவது, அவரோடு அமர்ந்திருக்கும் மூவருக்கோ நால்வருக்கோ வரவிருந்த நோயைத் தடுப்பதும் ஆகும். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலம் மாநகர் ஆகிய இவற்றில் ஓர் இடத்திலாவது, இருக்கின்ற மருத்துவர்களையும் இருக்கின்ற கருவிகளையும் வைத்தே, போதைக்கும் கல்லீரலுக்கும் ஒருசேர மருந்து தரும் ஓர் அறையை மாவட்ட நலவாழ்வுத் துறை திறந்துவிட்டால், அடுத்த ஆண்டு உலக ஹெபடைடிஸ் நாளான ஜூலை 28-க்குள் அதன் பயனை எண்ணிக்கையாகவே மக்கள் முன் வைக்க முடியும். எச்.ஐ.வி.யின் பிடியிலிருந்து தன் மக்களை மீட்ட சமவெளி, இதையும் செய்ய வல்லது. செய்தே ஆக வேண்டும்.